'கெற் பாக்' என்று யாராவது சொன்னால்

யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் பக்கம் புதிதாகப் போயிருக்கும் தம்பிமார், தங்கச்சிமாருக்கு.

திரும்பி வருவதற்கு 'ரிட்டேர்ன்' என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அங்கே சாதாரணப் பேச்சில் அதிகம் கேட்பது 'கெற் பாக்' (get back). 'ஐ கொற் பாக் ஒன் சண்டே' என்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்துவிட்டேன். ஊர்ப் பெயருக்கு முன்னால் 'ரு' (to) போட வேண்டும், 'ஹோம்' என்பதற்குப் போடக் கூடாது. 'வீட்டுக்கு' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு 'கெற் பாக் ரு ஹோம்' என்றுதான் வரும். 'கெற் பாக் ஹோம்' போதும்.

கொடுத்த காசு திரும்பக் கிடைப்பதற்கும் இதே சொல்தான். 'கேன் ஐ கெற் மை டிப்பொசிற் பாக்?' என்று கேட்கலாம். 'இற்' என்று சுருக்கினால் அது நடுவில்தான் வரும்: 'கெற் இற் பாக்'. (இங்கிலாந்தில் வாடகை வீட்டு முற்பணத்தை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டத்தில் பதிய வேண்டும் என்று பொதுவான சட்டம் உண்டு. ஆனால் வீட்டுக்காரர் குடும்பத்தோடு ஒரே வீட்டில் அறை எடுத்தால் அது பொருந்தாது. எங்கட ஆக்கள் முதலில் எடுப்பது பெரும்பாலும் அப்படித்தான், அதனால் தெரிந்த குடும்பமென்றாலும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.)

ஆளைக் குழப்புவது 'ஐ வில் கெற் பாக் ரு யூ'. வேலைக்கு நேர்முகம் முடிந்ததும் இதைச் சொல்வார்கள். திரும்பி வருவார்கள் என்று அங்கேயே இருந்துவிடாதீர்கள். பிறகு பதில் சொல்கிறோம் என்பதுதான் பொருள். சிலவேளை அது மரியாதையாக 'இல்லை' என்பதும்கூட. எப்போதைக்குள் தெரியும் என்று அப்போதே கேளுங்கள், யாரும் குறை நினைக்க மாட்டார்கள். நீங்கள் இப்படிச் சொன்னால் மட்டும் கட்டாயம் பதில் போடுங்கள்; அங்கே அதை வாக்காக எடுப்பவர்கள் உண்டு. கொழும்பு அலுவலகப் பழக்கத்தில், பதில் சொல்கிறேன் என்பதற்கு 'ஐ வில் ரிவேர்ட்' (revert) என்று எழுதாதீர்கள். பழைய நிலைக்கே போகப் போகிறீர்களா என்று யோசிப்பார்கள்.

'ரு' இருக்கிற இடத்தில் 'அற்' (at) வந்தால் கதை முடிந்தது. 'கெற் பாக் அற் யூ' என்றால் பழிவாங்குவேன்! மனேஜருக்கு ஈமெயில் அனுப்ப முன் அந்த ஒரு சொல்லைப் பாருங்கள்.

அப்புறம், வேலை முடிந்து வெளிக்கிடும்போது 'போட்டு வாறன்' என்று நினைத்து 'ஐ வில் கம் பாக்' என்று சொல்லாதீர்கள், கடையைப் பூட்டாமல் காத்திருப்பார்கள். 'ஸீ யூ ருமொறோ' சரி.