ஓடுவிரிசல், தூர்விரிசல்: ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் கலைச்சொல் விவாதத்தில், பாறையில் உள்ள எல்லாப் பிளவுக்கும் 'விரிசல்' என்ற ஒரே சொல் போதும் என்று முடிவாகிறது போலத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். ஆழத்துச் சூடான பாறைக்குள் நீரை விட்டு வெப்பத்தை மேலே எடுக்கும் புவிவெப்பம் பற்றி எழுத அது போதாது.

எங்கள் கொழிஞ்சாம்பாறைத் தோப்பில் போன மாசியில் 600 அடி போர் இறக்கியும் வெறும் புழுதிதான் பறந்தது. வந்த கல்துண்டு சிலவற்றில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பொடித்து எலுமிச்சம்பழம் பிழிந்தேன்; நுரைத்தது. விரிசல் இருந்திருக்கிறது, சுண்ணாம்பு அடைத்துவிட்டது. 40 அடி தள்ளி மறுபடி போட்டோம். 280 அடியில் ராடு சட்டென்று இறங்கியது. "கேப் விழுந்திருச்சுங்க" என்றார் ரிக்காரர். புழுதி சேறாகி, அப்புறம் தண்ணீர் பீய்ச்சியது. இரண்டும் விரிசல்தான். இரண்டும் ஒன்றா?

பிரான்சின் சுல்ட்ஸ் புவிவெப்ப நிலையத்தில் சுமார் 5 கிலோமீட்டர் ஆழத்தில், ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருப்பதும் கருங்கல்தான். அதன் உடம்பு வழியாக நீர் அநேகமாகப் போகாது, விரிசலே வழி. அதிலும் அகலம்தான் எல்லாம். மற்றவை மாறாதபோது ஓட்டம் அகலத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும். ஒரு மில்லிமீட்டர் விரிசல் ஒன்று, அதில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள ஆயிரம் விரிசல்களுக்குச் சமம். அப்படி ஒன்றே ஒன்று நீரை உள்ளே விடும் கிணற்றையும் வெளியே எடுக்கும் கிணற்றையும் நேராக இணைத்துவிட்டால் கேடு: உள்ளே விட்ட குளிர்நீர் சூடேறாமலே திரும்பிவிடும்.

நீர் செல்வதை 'ஓடுவிரிசல்' என்போம். ஓடுபாதை போல வினைத்தொகை. நேற்று ஓடியது, இன்று ஓடுவது, நாளை ஓடப்போவது மூன்றையும் தாங்கும். 'ஊற்றுவிரிசல்' எனக்கும் பிடித்ததுதான். ஆனால் நீரை உள்ளே செலுத்தும் கிணற்றில் ஊற்று ஏது? 'நீர்விரிசல்' என்றால் நீராவி வெளியே நிற்கும். மலையாளத்தில் 'விள்ளல்' என்பார்கள். நமக்கு அது பிட்டெடுத்த துண்டு.

அடைபட்டது 'தூர்விரிசல்'. தூர்ந்த கிணறு எல்லோருக்கும் தெரியும். அமிலம் விட்டுச் சுண்ணாம்பைக் கரைப்பதைத் 'தூர்வாரல்' என்றே சொல்லலாம்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. நீரழுத்தம் கொடுத்தால் விரிசலின் இரு முகங்களும் சற்றே வழுக்கி நகரும். மேடுபள்ளம் பழையபடி பொருந்தாமல் இடைவெளி நிலைத்துவிடும். இது வாருவதல்ல. 'வழுக்குத்திறப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன், நாக்கில் சரியாக உட்காரவில்லை. இதைவிட நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.