பாடலி வீட்டார் குழு: சனிக்கிழமை இரவு

தேவி, 7:42
ஆயாவின் போன் தொட்டியில் விழுந்துவிட்டது. யாரும் அந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டாம்.

செல்வி, 7:43
எந்தத் தொட்டி

தேவி, 7:45
பின்கட்டில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்த தொட்டிதான் அண்ணி. மாடு போய் 6 வருடம் ஆகிறது, தொட்டி மட்டும் இருக்கிறது. பாத்திரம் விளக்கிக்கொண்டே மலரோடு பேச்சு. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு.

மலர், 7:46
என்னோடுதான். ளொளக் என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. எனக்கு உயிர் போய்விட்டது அண்ணி

செல்வி, 7:46
அந்தத் தொட்டியை மூடச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன்

செல்வி, 7:47
அரிசிக்குள் வை

தேவி, 7:47
வைத்தாச்சு

சேகர், 7:50
அரிசியில் வைப்பதால் ஒரு பயனும் இல்லை. அரிசித் தூசி உள்ளே போய் இன்னும் கெடுக்கும், போன் கம்பெனிக்காரனே வேண்டாம் என்கிறான். சிம்மைக் கழற்றித் துடைத்து எடுத்து வை. சிம் கெடாது. பென்ஷன் பேங்க், கேஸ் புக்கிங் எல்லாம் அந்த நம்பரில்தான் இருக்கிறது.

ரவி பாரிஸ், 7:58
நாளை அனுவின் நிச்சயதார்த்தம். அம்மா வீடியோவில் வந்து ஆசீர்வாதம் செய்யும் என்று சம்பந்தி வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது என்ன செய்வது?

செல்வி, 7:59
தேவி போனில் போடலாமே

தேவி, 8:00
என் போனில் கேமரா வேலை செய்யவில்லை அண்ணி. பொங்கலில் இருந்தே. உங்களுக்குத் தெரியும்.

செல்வி, 8:00
எனக்கு எப்படித் தெரியும்

மலர், 8:01
சேகர் அண்ணன் போன்?

சேகர், 8:02
நான் விடியற்காலை சிதம்பரம் போகிறேன். கல்யாணம். டிக்கெட் போனில்தான் இருக்கிறது. வைத்துவிட்டுப் போக முடியாது.

கார்த்தி, 8:04
அம்மா, பெரியப்பா கொடுத்த சிவப்பு ஐபாட் பீரோவில் இருக்கிறதே. அதைப் போனாக்கிவிடலாம்.

திவ்யா, 8:04
ஓ அந்த ஐபாட்

செல்வி, 8:05
2019-ல் வந்ததுதானே. அந்த வருடம்தான் திவ்யா பிளஸ் டூவில் ஸ்கூல் முதல். அவளுக்கு ஒரு சென்ட் பாட்டில் வந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

ரவி பாரிஸ், 8:06
செல்வி, 6 வருடம் ஆகிறது

திவ்யா, 8:06
அம்மா ப்ளீஸ்

சேகர், 8:13
கார்த்தி சொல்வது பாதி சரி. முழுவதும் படியுங்கள், நடுவில் வேறு கதை பேசாதீர்கள். போன் என்றால் டவரோடு பேச உள்ளே ஒரு ரேடியோ வேண்டும். சிம் வேண்டும். அந்தக் கருவிக்கென்று 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும். ஐபாட் டச்சில் இந்த மூன்றும் கிடையாது. வைஃபையும் புளூடூத்தும்தான் உண்டு. பாட்டுக் கேட்கப் பிறந்தது அது. முதல் ஐபாட் 2001-ல் வந்தபோது ஆயிரம் பாட்டு பாக்கெட்டில் அடங்கும் என்பதுதான் அதன் பெருமை. நம் வீட்டில் இருப்பது 7-ம் தலைமுறை, கடைசி. 2022 மே மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஆகவே பிரித்து சிம் சொருகித் தருகிறேன் என்று கடைக்காரன் எவனாவது சொன்னால் கொடுத்துவிட்டு வராதே தேவி.

தேவி, 8:14
இந்நேரத்துக்கு எந்தக் கடைக்குப் போகப் போகிறேன்

சேகர், 8:19
ஆனால் சிம் போடவே முடியாது என்றும் சொல்ல மாட்டேன். 2010-ல் சீனாவில் ஷென்சென் நகரத்தில் ஆப்பிள் பீல் 520 என்று ஓர் உறை விற்றார்கள். பீல் என்றால் தோல். சிம் போடும் இடம், தனி பேட்டரி, ரேடியோ எல்லாம் அந்த உறைக்குள்ளேயே இருக்கும். ஐபாடை அதற்குள் தள்ளினால் அடியில் உள்ள அகலமான சார்ஜர் பின் வழியாக இரண்டும் சேர்ந்துகொள்ளும். ஐபாடின் பூட்டை உடைத்து வேறு ஒரு சாப்ட்வேர் ஏற்ற வேண்டும், அதற்கு ஜெயில்பிரேக் என்று பெயர். அப்புறம் பேசலாம், எஸ்.எம்.எஸ். அனுப்பலாம். அது பழைய மாடல் ஐபாடுக்குச் செய்தது. நம்முடையதில் சார்ஜர் பின் வேறு மாதிரி. பொருந்தாது.

மலர், 8:20
பொருந்தாது என்றால் எதற்கு அண்ணா இவ்வளவும்

செல்வி, 8:20
தோல் என்றதும் ஞாபகம் வருகிறது. தேவி, கொடுத்தனுப்பிய பலாப்பழம் அறுத்தாயா?

தேவி, 8:22
அறுத்தோம் அண்ணி. இனிப்புதான். சடை கொஞ்சம் அதிகம், சுளை கம்மி.

செல்வி, 8:22
பண்ருட்டியில் இருந்து வந்த பழத்தில் குறை கண்ட முதல் ஆள் நீதான்

விக்கி, 8:24
மாமா, 520 என்பதைச் சீன மொழியில் சொன்னால் ஐ லவ் யூ மாதிரிக் கேட்குமாம். அதனால்தான் அந்தப் பெயர்.

திவ்யா, 8:24
இவனுக்கு மட்டும் இதெல்லாம் எப்படித் தெரிகிறது

கார்த்தி, 8:25
அப்பா, சிம் எல்லாம் வேண்டாம். வீட்டில் வைஃபை இருக்கிறது. ஐபாடில் பேஸ்டைம் உண்டு, ஆப்பிளின் வீடியோ கால். நம்பர் தேவையில்லை, இமெயில் போதும். பெரியப்பாவிடம் ஐபோன். நேராகக் கூப்பிடலாம். முடிந்தது.

மலர், 8:26
வாட்ஸ்அப்பே போடலாமே. எல்லோரும் இதில்தானே இருக்கிறோம்

கார்த்தி, 8:26
ஐபாடில் வாட்ஸ்அப் வராது அத்தை

மலர், 8:26
ஏன்

கார்த்தி, 8:26
அவர்கள் ஐபாடுக்குத் தருவதில்லை

சேகர், 8:30
2018-ல் எங்கள் பி.எஸ்.என்.எல். டிபார்ட்மெண்டில் விங்ஸ் என்று ஒன்று கொண்டு வந்தார்கள். வருடம் 1099 ரூபாய். சிம் இல்லாமலே நம்பர் கொடுத்து, ஆப் வழியாக இன்டர்நெட்டில் பேசுவது. நான் அப்போதே சொன்னேன், ஒருவரும் வாங்கவில்லை.

ரவி பாரிஸ், 8:31
ஸ்கைப் போடலாமா? அம்மாவுக்கு ஸ்கைப் பழக்கம்

கார்த்தி, 8:31
ஸ்கைப்பையே மூடிவிட்டார்கள் பெரியப்பா. 2025 மே.

ரவி பாரிஸ், 8:32
அப்படியா. அதில் 200 ரூபாய் போல மிச்சம் வைத்திருந்தேனே

செல்வி, 8:32
எனக்கு அனுப்பியிருக்கலாம்

விக்கி, 8:36
இன்னொரு வழி. என் ஐபோனும் அந்த ஐபாடும் ஒரே ஆப்பிள் கணக்கில், ஒரே வைஃபையில் இருந்தால், என் நம்பருக்கு வரும் போன் ஐபாடிலும் அடிக்கும். அப்படியே எடுத்துப் பேசலாம். ஆனால் நான் அந்த வீட்டில் இருக்க வேண்டும்.

திவ்யா, 8:37
அப்படியானால் ராத்திரி 11 மணிக்கு வருகிற போனும் ஆயாவுக்கு அடிக்குமா

விக்கி, 8:37
என்ன 11 மணி

மலர், 8:37
என்ன 11 மணி விக்கி?

விக்கி, 8:38
ஆபீஸ் போன் அம்மா

மலர், 8:38
நாளைக்கு நீயே கடலூர் போய் உன் போனில் போட்டுக் கொடு. லாஸ்பேட்டையில் இருந்து எவ்வளவு தூரம்

விக்கி, 8:39
ஷிப்ட் இருக்கிறது. பார்க்கிறேன்.

பண்ருட்டி மாமா, 8:40
(படம்: ரோஜாப்பூ, காலை வணக்கம்)

தேவி, 8:52
ஐபாடை எடுத்துவிட்டேன். பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. செத்துக் கிடக்கிறது. சார்ஜர் எது?

கார்த்தி, 8:53
விக்கி பழைய சார்ஜர் ஒன்றை விட்டுவிட்டுப் போனானே, டிவிக்குப் பின்னால், அது பொருந்தும். அரை மணி நேரம் விடு. ஆப்பிள் படம் வரும். பாஸ்வேர்டு 4 சைபர் அப்புறம் 2 ஒன்று.

திவ்யா, 8:53
அதைக் குழுவிலேயே போட்டுவிட்டான்

ரவி பாரிஸ், 8:55
நிச்சயம் இங்கே மதியம் 1 மணிக்கு. அங்கே 4:30. தயாராக வையுங்கள்.

செல்வி, 8:55
ஞாயிறு 4:30 ராகு காலம்

மலர், 8:56
ஆமாம், 4:30 முதல் 6

ரவி பாரிஸ், 8:57
அது அங்கே. இங்கே அப்போது 1 மணிதான். இங்கே ராகு காலம் இல்லை.

செல்வி, 8:57
அம்மா எங்கே உட்கார்ந்து ஆசீர்வாதம் செய்யும்? திருப்பாதிரிப்புலியூரில்தானே?

சேகர், 9:01
ராகு காலம் அந்தந்த ஊரின் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடுவது. பகலை எட்டாகப் பிரிக்க வேண்டும். பாரிஸில் இப்போது பகல் கிட்டத்தட்ட 16 மணி நேரம். ஒரு பாகமே 2 மணி நேரம் வரும். ஆக அங்கே ஞாயிறு ராகு காலம் ராத்திரி 8 மணி வாக்கில்தான். அண்ணன் சொல்வது அண்ணனுக்குச் சரி. அக்கா சொல்வது அம்மாவுக்குச் சரி.

மலர், 9:02
முடிவு என்ன அண்ணா

தேவி, 9:03
ஆயாவிடம் கேட்டேன். 4:30-க்கு வாயே திறக்க மாட்டேன் என்கிறது.

ரவி பாரிஸ், 9:04
ஐயர் 1 மணிக்குத்தான் வருவார்

தேவி, 9:31
ஆப்பிள் வந்துவிட்டது. பேஸ்டைம் பச்சையாக இருக்கிறது. பெரிய மாமா, ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.

ரவி பாரிஸ், 9:38
மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் அம்மா எடுத்தது. "அலோ" என்றது. கட் செய்துவிட்டது.

ரவி பாரிஸ், 9:39
கோபமா என்று நேராகச் சொல்லலாம். பவர் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை என்றுதானே?

செல்வி, 9:39
யார் இப்போது பத்திரம் பேசினார்கள்

தேவி, 9:41
ஐயோ மாமா, கோபம் எல்லாம் இல்லை. ஆயா அதைக் காதில் வைத்துக்கொண்டது. காதில் ஒன்றும் கேட்கவில்லை என்று இன்னும் அழுத்தி வைத்தது. கன்னம் பட்டு அதுவே கட் ஆகிவிட்டது. மூன்று தடவையும்.

சேகர், 9:46
அதுதான் விஷயம். இதை யாரும் யோசிக்கவில்லை. போனில் மேலே காதுக்கென்று ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். ஐபாடில் அது கிடையாது. சத்தம் அடியில் இருந்துதான் வரும், அல்லது இயர்போனில். முகம் பக்கத்தில் வந்தால் திரையை அணைக்கும் சென்சாரும் இல்லை. அதனால் கன்னமே பட்டனை அமுக்கும். அதிரவும் செய்யாது. தேவி, மேஜையில் சொம்பில் சாய்த்து வை. அம்மாவைத் தொட விடாதே.

தேவி, 9:47
சொம்பில் சாய்த்துவிட்டேன்

தேவி, 9:55
பேசியாயிற்று. முகம் நன்றாகத் தெரிந்தது. மாமா இளைத்துவிட்டார் என்று ஆயா அழுதது. எதிர்வீட்டு அக்கா கூடத்துக்கே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள், அவ்வளவு சத்தம்.

ரவி பாரிஸ், 9:56
இளைக்கவில்லை. விளக்கு சரியில்லை.

ரவி பாரிஸ், 9:57
அம்மா அழுததா

செல்வி, 9:58
பத்திரத்தைப் பற்றிக் கேட்டதா?

தேவி, 9:58
இல்லை அண்ணி. அனுவுக்கு முடி எவ்வளவு நீளம் என்று கேட்டது.

மலர், 10:02
நாங்கள் எல்லாம் எப்படிப் பார்ப்பது? எங்களிடம் ஐபோன் இல்லையே

கார்த்தி, 10:03
அம்மா ஐபாடில் ஒரு லிங்க் உருவாக்கி அனுப்பலாம். நீங்கள் குரோமில் திறந்தால் போதும் அத்தை.

மலர், 10:03
யார் உருவாக்குவார்கள்

கார்த்தி, 10:03
அம்மா

தேவி, 10:04
நானா

சேகர், 10:09
ஒன்று நினைவில் வையுங்கள். கரண்ட் போனால் வைஃபை பெட்டி அணைந்துவிடும், ஐபாட் வெறும் பாட்டுப் பெட்டி. பழைய லேண்ட்லைன் அப்படியில்லை. எக்ஸ்சேஞ்சில் பேட்டரி இருக்கும், 48 வோல்ட் கம்பியிலேயே வரும். வீட்டில் விளக்கு இல்லாவிட்டாலும் மணி அடிக்கும். 34 வருடம் அந்தக் கம்பியைப் பார்த்தவன் சொல்கிறேன்.

திவ்யா, 10:10
தானே புயலில் அடித்ததா மாமா?

சேகர், 10:11
2011-ல் மரமே கம்பி மேல் விழுந்தது. அது வேறு.

செல்வி, 10:13
இந்த வித்தையெல்லாம் நாளையோடு சரி. திங்கட்கிழமை அம்மாவுக்கு ஒரு பட்டன் போன் வாங்குங்கள். அந்த சிம்மைப் போடுங்கள். ஓ.டி.பி. யார் வீட்டு ஐபாடுக்கு வரும்?

சேகர், 10:14
அதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்

மலர், 10:14
எங்கே சொன்னீர்கள்

செல்வி, 10:15
பணம் யார் போடுவது

ரவி பாரிஸ், 10:21
நான் அனுப்புகிறேன்

செல்வி, 10:21
எல்லோரும் சேர்ந்து போடலாம். அப்புறம் நீதான் வாங்கிக் கொடுத்தாய் என்று இருக்கக் கூடாது.

மலர், 10:22
அக்கா

ரவி பாரிஸ், 10:30
ஐயரிடம் பேசினேன். 12 மணிக்கு வர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். அங்கே 3:30. பதில் இல்லை.

தேவி, 10:32
ஆயா இன்னும் தூங்கவில்லை. அந்தச் சிவப்புப் பெட்டியின் நம்பர் என்ன, சீட்டில் எழுதிக் கொடு என்கிறது. எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுக்க வேண்டுமாம்.

கார்த்தி, 10:33
நம்பர் கிடையாது என்று சொல்

தேவி, 10:34
சொன்னேன். நம்பர் இல்லாமல் ரவி எப்படிக் கூப்பிட்டான் என்கிறது.

சேகர், 10:35
நான் போய் விளக்குகிறேன்

தேவி, 10:35
வேண்டாம். விடியற்காலை ரயில் இருக்கிறது, படுங்கள்.

செல்வி, 10:40
தொட்டியை மூடினாயா?

தேவி, 10:52
பலகை தேடுகிறேன் அண்ணி