போயா நாளிலும் காசோலையில் கையெழுத்து: நான் எதை விடலாம்?

கடலோரத்து அக்கா:
வெள்ளவத்தையில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தை ஒன்பது ஆண்டுகளாக நடத்துகிறேன். மலையகத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு மாலை வகுப்புகள். ஊழியர்கள் 16 பேர். 2022இல் பெட்ரோல் வரிசை, 13 மணி நேர மின்வெட்டு என்று நாடே திணறியபோதும் மெழுகுவர்த்தி ஏற்றி வகுப்பை நடத்தினோம். நெருக்கடி தணிந்துவிட்டது, நான் மட்டும் இன்னும் அதே ஓட்டத்தில் இருக்கிறேன்.

போன போயாவன்று, அதாவது பௌர்ணமி விடுமுறை நாளன்று, ஊழியர் ஒருவர் காசோலைப் புத்தகத்தோடு வீட்டு வாசலில் நின்றார். என் கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போகாது. பால்தேநீரில் ஆடை படியும்வரை ஒவ்வொரு தாளாகக் கையெழுத்திட்டேன். "வங்கியே பூட்டிக் கிடக்கிற நாளில் யாருக்கு இந்த அவசரம்?" என்று அம்மா கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

இரத்த அழுத்தம் 160/100. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று வைத்தியர் கேட்டார். அறுபதைத் தாண்டும் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

யோகா செய்யச் சொல்லி யாரும் எழுதாதீர்கள். காலிமுகத்திடலில் தினமும் நடக்கிறேன். நடக்கும்போதும் கைத்தொலைபேசி காதில்தான் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு கெடாமல் நான் எதை விடலாம்?

பழைய கணக்காளர்:
தங்கச்சி, உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம், 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 35 சதவீதம் அதிகம். நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. ஒருவர் படுத்துவிட்டால் சம்பளமே நின்றுவிடும் என்றால் அது அர்ப்பணிப்பு இல்லை, கணக்காய்வாளர் சுட்டிக்காட்ட வேண்டிய குறை. நிர்வாகக் குழுவில் தீர்மானம் எடுத்து, ஒரு தொகை வரையான காசோலைகளில் மூத்த ஊழியர் இருவர் சேர்ந்து கையெழுத்திடலாம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். பெரிய தொகைகள் மட்டும் உங்களிடம் வரட்டும்.

பம்பலப்பிட்டிப் பயணி:
அக்கா, உங்களைப் போன்ற ஒருவரின் கீழ் நான்கு ஆண்டுகள் வேலை செய்தேன். மிக நல்லவர். இரவு 11.40க்குச் செய்தி அனுப்புவார், கடைசியில் "அவசரமில்லை" என்றும் எழுதுவார். தலைவர் விழித்திருக்கும்போது நான் எப்படித் தூங்குவது? எழுந்து உட்கார்ந்து பதில் எழுதுவேன். மறுநாள் "எவ்வளவு பொறுப்பான பிள்ளை" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டுவார். விலகல் கடிதத்தில் "குடும்பக் காரணம்" என்று எழுதிக் கொடுத்தேன். உண்மைக் காரணம் அவருக்கு இன்றுவரை தெரியாது.

இரவுப்பணித் தாதி:
ஓயாத வேலை அழுத்தத்தால் வரும் சோர்வை (burnout) உலக சுகாதார நிறுவனம் 2019இல் வகைப்படுத்தியபோது நோய் என்று சொல்லவில்லை, தொழில் சார்ந்த நிகழ்வு என்றுதான் சொன்னது. களைப்பு ஒரு அடையாளம். வேலைமீதே வெறுப்பு, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் மற்ற இரண்டு. ஆனால் 160/100 வெறும் வேலைச் சோர்வு இல்லை, அக்கா. மாத்திரையை விடாமல் குடியுங்கள். தூக்கமே போய்விட்டால் 1926க்கு அழைக்கலாம், அது தேசிய மனநல உதவி எண்.

கடலோரத்து அக்கா:
பயணி எழுதியதைப் படித்துவிட்டு, இரவு ஒன்பதுக்குப் பிறகு நான் போன மாதம் அனுப்பிய செய்திகளை எண்ணிப் பார்த்தேன். 41. காலைவரை காத்திருக்க முடியாதவை மூன்று. அதில் ஒன்று சாவி தொலைந்தது பற்றியது, தொலைத்தவள் நான்.

கணக்காளர் அண்ணா, சனிக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானம் வருகிறது. ஒரு பெயர் முடிவாகிவிட்டது, எங்கள் கணினி ஆசிரியை. மாதிரிக் கையெழுத்து வாங்கினேன். என்னுடையதைவிட அழகாக இருக்கிறது. அது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.