பாட்டி வீட்டுப் பலகைத் தரை: எங்கள் குடும்பப் புலன (வாட்ஸ்அப்) குழுவில்

நான்: அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் உள்ள பாட்டி வீட்டின் முன்கூடத் தரையைத் தீபாவளிக்குள் சீர்செய்துவிட நினைக்கிறேன். நேற்று வந்து பார்த்த குத்தகையாளர், மேற்பரப்பை இயந்திரத்தால் உராய்ந்தெடுத்துப் பாலியூரித்தேன் வார்னிஷ் பூசித் தருவதாகச் சொல்கிறார். உங்கள் கருத்தைத் தெரிவியுங்கள்.

பெரியப்பா: தம்பி, அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதே. அது செங்கால் என்னும் கடினமரத்தின் பலகை. தாத்தா தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த காலத்திலிருந்து அதற்கு மெழுகைத் தவிர வேறெதுவும் பூசியதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் நினைவை மட்டும் நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது. அலமாரிக்குப் பின்னால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பார். அந்த இடம் வெளுத்திருந்தால் அது மெழுகு. பிறகு வெள்ளைத் துணியில் டர்பன்டைனை நனைத்துத் தேய்த்துப் பார். துணியில் பழுப்புப் பிசுக்கு ஏறினால் சந்தேகமே வேண்டாம்.

நான்: செய்து பார்த்துவிட்டேன், பெரியப்பா. தண்ணீர் விட்ட இடம் பால் சிந்தியதுபோல் வெளுத்துவிட்டது. துணியில் கெட்டியான பழுப்பு அழுக்கு ஏறியது. துடைத்த இடத்தில் மட்டும் மரத்தின் கருஞ்சிவப்பும் ரேகைகளும் தெளிவாகத் தெரிகின்றன. அப்படியென்றால் பாலியூரித்தேன் பூசவே முடியாதா?

பெரியப்பா: மெழுகின்மேல் அது பிடிக்காது. பூசிய அன்றைக்குப் பளபளக்கும். ஆனால் காயும்போதே அங்கங்கே குழி விழும், பின்னர் தோல் தோலாக உரியும். மெழுகை எடுக்காமல் நேராக இயந்திரத்தை வைத்தாலோ, உராய்வின் சூட்டில் மெழுகு இளகி உப்புத்தாளை அடைத்துக்கொள்ளும். பலகை இடுக்குகளில் இறங்கியிருக்கும் மெழுகை அந்த இயந்திரம் எட்டவே எட்டாது. இன்னொன்றையும் யோசி. நம் வீட்டுப் பலகைகள் ஒன்றோடொன்று கோத்து அடிக்கப்பட்டவை. உராயும் ஒவ்வொரு முறையும் மேற்கனம் குறைந்துகொண்டே வரும். உள்ளே கோத்த நாக்கும் ஆணியும் வெளியே தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் பலகையை மாற்றுவதைத் தவிர வழியில்லை. செங்கால் இன்று விற்கும் விலையில் அதை யார் வாங்குவது? பலகை நன்றாக இருக்கும்போது அழுக்கை எடுத்தால் போதும், மரத்தை எடுக்க வேண்டியதில்லை.

சின்ன அத்தை: அண்ணன் சொல்வதுதான் சரி. அம்மா ஈரத்துணியை அந்தத் தரைப் பக்கம் கொண்டுபோகவே விடமாட்டார். மெழுகு பூசிய நாளில் தேங்காய் மட்டையைக் காலடியில் வைத்து முன்னும் பின்னும் தள்ளுவார். தொடக்கத்தில் கரகரவென்று கேட்கும் ஓசை, பளபளப்பு ஏற ஏற அடங்கிவிடும். ஆனால் ஜன்னலோரம் பூந்தொட்டி வைத்திருந்த இடத்தில் கறுப்பு வட்டம் இருக்கிறதே, அது போகுமா?

பெரியப்பா: வெள்ளைக் கறை மெழுகோடு நிற்பது, மெழுகோடு போய்விடும். கறுப்புக் கறை மரத்துக்குள் இறங்கியது. தொட்டிக்கு அடியில் இருந்த தகரத்தட்டின் துருவும் ஈரமும் மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து அப்படிக் கறுத்திருக்கிறது. மெழுகை முழுவதும் எடுத்தபின், ஆக்சாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துக் கறைமேல் மட்டும் தடவி, நிறம் மாறியதும் சுத்தமான தண்ணீர்த் துணியால் பலமுறை துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். அது நஞ்சு, பிள்ளைகள் அருகில் இருக்கவே கூடாது. இதே காரணத்துக்காகத்தான் எஃகுக் கம்பளியைத் தண்ணீர் ஈரத்தோடு அந்தத் தரையில் வைக்கக் கூடாது என்கிறேன்; உதிரும் துகள் ஒவ்வொன்றும் புதிய கறும்புள்ளியாகிவிடும்.

அக்கா: டர்பன்டைன் திறக்கும் முன் சாமி விளக்கையும் அடுப்பையும் அணைத்துவிட்டு, எல்லா ஜன்னல்களையும் திறந்து வையுங்கள். துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள்; குவியலுக்குள் சூடேறித் தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிட வேண்டும். நம் தோட்டத்தார் பால் வெட்டிய ரப்பரில் செய்யும் கையுறை டர்பன்டைனில் உப்பிவிடும் என்பதால், நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் கையுறை வாங்குங்கள்.

நான்: சரி அக்கா. பெரியப்பா, எப்படித் தொடங்குவது?

பெரியப்பா: கதவிலிருந்து மிகவும் தள்ளியுள்ள மூலையில் தொடங்கு. கைக்கெட்டும் அளவு இடத்தில் மட்டும் டர்பன்டைனைத் தடவி, மெழுகு இளகியதும் மிக மெல்லிய எஃகுக் கம்பளியால் ரேகையின் போக்கிலேயே தேய்த்து, காய்வதற்குள் துணியால் வழித்தெடு; காயவிட்டால் கரைந்த மெழுகு அங்கேயே மீண்டும் படியும். துணியில் அழுக்கு ஏறாமல் வரும்வரை விடாதே. ஓரிரவு காற்றாடவிட்டு, மறுநாள் மெழுகை மிக மெல்லியதாகப் பூசு. தாராளமாகப் பூசினால் பிசுபிசுத்து, தூசியைத்தான் பிடிக்கும். மேற்பரப்பு மங்கியதும் மெருகேற்று. இடுக்குகளில் கெட்டி மக்கு (புட்டி) அடைக்காதே. மழைக்காலத்தில் பலகை விரியும்போது அது நசுங்கி வெளியே வந்துவிடும்.

நான்: குத்தகையாளரிடம் வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலையில் தொடங்கலாமா?

சின்ன அத்தை: நானும் வருகிறேன். மட்டை உரித்து வைக்கிறேன்.

பெரியப்பா: வெள்ளிக்கிழமையே நாற்காலி, அலமாரிகளை அகற்றிவிடு. ஹார்ட்வேர் கடையில் டப்பாவில் வரும் கெட்டி மெழுகாகக் கேள். கார்னோபா என்னும் பனை வகை மெழுகு கலந்தது என்றால் கடினமாக நிற்கும். தண்ணீரில் கரைத்த பால் போன்ற திரவத்தைக் காட்டினால் வாங்காதே, அது இந்தத் தரைக்கு ஆகாது.