வலதுசாரிக் கட்சிகள் பகிரும் படங்களில் 'வெளியார்'

உவர்மலை வாசகி:
முப்பது வருடங்களுக்கு முன் அகதியாக இலண்டனுக்குப் போன என் பெரியம்மாவின் மகன், குடியேறிகளை எதிர்க்கும் கட்சிகளின் படங்களை எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் வாரந்தோறும் பகிர்கிறார். கடைசியாக வந்ததில் ஒரு ரப்பர் படகு நிறைய ஆண்கள் இருந்தார்கள். ஒருவருடைய முகமும் தெளிவாகத் தெரியவில்லை. "படம் உண்மைதானே, இதில் எது பொய்?" என்று அண்ணா கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. இதை எப்படி விளக்குவது?

கிண்ணியா ஆசிரியர்:
சகோதரி, படம் உண்மையாக இருப்பதுதான் அவர்களுடைய பலம். 2016 ஜூனில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது பற்றிய பிரித்தானிய வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, குடியேற்றத்தை எதிர்த்த யுகிப் கட்சியின் அன்றைய தலைவர் நைஜல் பராஜ் வெளியிட்ட பதாகையைத் தேடிப் பாருங்கள். வளைந்து நீளும் மனித வரிசையின் மேல் 'உடையும் தறுவாய்' என்ற பொருளில் பெரிய எழுத்துகள் இருக்கும். அந்தப் புகைப்படம் 2015இல் குரோஷியாவிலிருந்து ஸ்லோவேனியாவுக்குள் நடந்த அகதிகளைக் காட்டுகிறது. பிரித்தானிய எல்லை அதில் எங்குமே இல்லை. வரிசையின் முன்பக்கத்தில் தெளிவாகத் தெரிந்த ஒரே வெள்ளை முகத்தை எழுத்துப் பெட்டி மறைத்திருந்தது. பொய் படத்தில் இல்லை, அதை வெட்டி ஒட்டி எழுதியதில் இருக்கிறது.

நிலாவெளியிலிருந்து:
புகைப்படமே தேவைப்படாத இடமும் உண்டு. குடியேற்றத்தை எதிர்க்கும் சுவிஸ் மக்கள் கட்சி 2007இல், சுவிஸ் தேசியக் கொடியில் நிற்கும் மூன்று வெள்ளை ஆடுகளில் ஒன்று ஒரு கறுப்பு ஆட்டை அதிலிருந்து உதைத்துத் தள்ளுவதாக வரைந்தது. 2017 நவம்பரில் 'பிரிட்டன் பர்ஸ்ட்' என்ற பிரித்தானியத் தீவிர வலதுசாரி அமைப்பினர் பரப்பிய காணொளியோ, ஊன்றுகோலுடன் நின்ற டச்சுச் சிறுவனை முஸ்லிம் குடியேறி ஒருவர் அடிப்பதாகக் கூறியது. அன்றைய அமெரிக்க ஜனாதிபதி டிரம்பே அதைப் பகிர்ந்தார். அடித்தவர் நெதர்லாந்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்று அந்நாட்டுத் தூதரகம் விளக்கம் கொடுத்தது, ஆனால் காணொளி சென்ற தூரத்துக்கு அந்த விளக்கம் செல்லவில்லை.

கிண்ணியா ஆசிரியர்:
இது நமக்குத் தொலைவான விடயமும் அல்ல. உணவில் கருத்தடை மாத்திரை கலந்ததாகச் சொல்லி 2018இல் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தைத் தாக்கினார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத ஒருவர் தடுமாறிச் சொன்ன பதிலின் காணொளியே முகநூலில் 'வாக்குமூலம்' ஆகிப் பரவியது. அடுத்த மாதம் கண்டிக்கு அருகே திகனவில் முஸ்லிம்களின் வீடுகள் எரிந்தன. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020இல் முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

உவர்மலை வாசகி:
மிக்க நன்றி. 1990இல் பெரியம்மா அண்ணாவைக் கூட்டிக்கொண்டு இராமேஸ்வரத்துக்குப் படகில் போனவர். இன்றிரவு அந்தப் பதாகையையும் அதன் மூலப் புகைப்படத்தையும் அண்ணாவுக்கு அனுப்பி, அம்மாவோடு நீங்கள் இருந்த படகை யாராவது படம் பிடித்திருந்தால் அதன் மேல் என்ன எழுதியிருப்பார்கள் என்று கேட்கப் போகிறேன்.