புதுப்பிப்பு: சிறிய 9 மி.மீ. பிஸ்டலில் குண்டுகள் கீழே இடப்பக்கம் விழுந்தது, காரணம் தெரிந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: மறைத்து எடுத்துச்செல்ல ஏற்ற சிறிய பிஸ்டல், புதிதாகச் சுடுபவர், வலக்கைப் பழக்கம்; 7 மீட்டரில் குண்டுகள் மையத்துக்குக் கீழே இடப்பக்கம் விழுந்தன.

சைட்டை (குறிபார்க்கும் அமைப்பை) நகர்த்தத் தேவைப்படவில்லை. மணல்மூட்டையில் தாங்கிச் சுட்டபோது குண்டுகள் நடுவிலேயே விழுந்தன. பலன் தந்தது, நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத டம்மி தோட்டாவைக் கலந்து சுடும் யோசனைதான். மேகசினை (தோட்டாக்கூட்டை) இன்னொருவர் நிரப்ப வேண்டும், டம்மி எங்கே இருக்கிறதென்று சுடுபவருக்குத் தெரியக்கூடாது. டம்மியில் விசையை அழுத்தியதும் குழல்முனை சட்டென்று கீழே குனிந்தது. உதைப்பை எதிர்பார்த்துக் கை முந்திக்கொள்கிறது. பிறகு வெற்றுப் பயிற்சி: மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, முன்சைட் அசையாமல் விசையை அழுத்துவது. இடக்கைப் பிடியை இறுக்கியதும் குண்டுகள் நடுவுக்கு வந்தன.

எதிர்பாராத ஒன்று: கடைசித் தோட்டாவுக்குப் பின் ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பகுதி) திறந்து நிற்கவில்லை. மேகசின் பழுதில்லை, வலது கட்டைவிரல், ஸ்லைடைத் திறந்த நிலையில் நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப்பை அழுத்திக்கொண்டிருந்தது. சிறிய பிஸ்டலில் விரலுக்கு இடம் குறைவு என்பதால் இது அடிக்கடி நடக்கும். விரலைச் சற்று விலக்கி வைத்ததும் சரியானது. விலக்கியும் நிற்காவிட்டால் மேகசின் ஸ்பிரிங்கைப் பாருங்கள்.