எடைக்கருவிக்குள் எங்கள் நிரல்: ஜிபிஎல் உரிமத்தை மீறியவர்களை எப்படி அணுகுவது?

கேள்வி (கோத்தகிரி)

வணக்கம். சிறு விவசாயிகளின் பசுந்தேயிலையை எடைபோட்டு, ஈரத்துக்கான கழிவை நீக்கி, ரசீது அச்சிடும் நிரல் ஒன்றை எழுதி, ஜிபிஎல் 3 உரிமத்தில் (நிரலை எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம்; ஆனால் பிறருக்குக் கொடுத்தால் அதன் மூலநிரலையும், அதாவது எழுதிய வடிவத்தையும், தர வேண்டும் என்பது இதன் நிபந்தனை) வெளியிட்டிருந்தேன். எங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்துக்குப் புதிதாக வந்த எடைக்கருவியின் ரசீதில், எங்கள் நிரலில் பிழையோடு நின்றுவிட்ட 'நிகற எடை' என்ற சொல் அப்படியே அச்சாகியிருந்தது. கருவியிலோ கையேட்டிலோ உரிமக் குறிப்பு எதுவும் இல்லை. விற்ற நிறுவனத்தாரோ அது தங்கள் சொந்தத் தயாரிப்பு என்கிறார்கள். கழிவு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை எவரும் சரிபார்க்க வேண்டும் என்பதற்காகவே மூலநிரலைத் திறந்து வைத்தேன்; அது பூட்டப்பட்டுவிட்டதே என்பதுதான் என் வருத்தம். உடனே வழக்குத் தொடரலாமா?

பதில் (குன்னூர்)

ஐயா, விலைக்கு விற்றது மீறல் அன்று. மூலநிரலையோ, அதைத் தருவதாக எழுத்து வடிவ உறுதியையோ கொடுக்காததும், பதிப்புரிமைக் (காப்பிரைட்) குறிப்பை நீக்கியதுமே மீறல். ஓர் எழுத்துப்பிழை நல்ல தடயம்தான் என்றாலும் அது மட்டும் போதாது. நிலையத்தாரின் அனுமதியோடு கருவியின் நினைவகத்தைப் படியெடுத்து, அதிலுள்ள சொற்தொடர்களை உங்கள் நிரலோடு ஒப்பிட்டு, விலைப்பட்டியலின் நகலையும் சேர்த்து வையுங்கள். கருவி அவர்கள் கையில் இருப்பதால், மூலநிரலைக் கேட்டு அவர்களும் தனியே கடிதம் எழுதுவது நல்லது.

பதில் (உதகை)

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கேயே வெளியிடுங்கள். பத்துப் பேர் கேள்வி கேட்டால் மூலநிரல் தானாக வந்துவிடும்.

பதில் (குன்னூர்)

அதில் எனக்கு உடன்பாடில்லை. உரிமத்தின் 8-ஆம் பிரிவின்படி, உங்களிடமிருந்து முதன்முறையாக அறிவிப்பைப் பெறுபவர் 30 நாட்களுக்குள் தவற்றைத் திருத்திக்கொண்டால், மீறலால் இழந்த உரிமை அவருக்கு நிரந்தரமாகத் திரும்பிவிடும். ஆகவே, கடிதம் சேர்ந்த தேதிக்குச் சான்று கிடைக்கும்படி அனுப்புங்கள். ஜிபிஎல் உரிமத்தை நிலைநாட்டுவதற்காகச் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற இலாப நோக்கற்ற அமைப்பு 2015-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் வழக்கைக் கடைசி வழியாகவே கொள்கின்றன. கருவியை விற்ற நிறுவனத்தார் இணங்காவிட்டால், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 55-ஆம் பிரிவின்கீழ்த் தடையாணையும் இழப்பீடும் கோரலாம். அச்சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. ஒன்று மட்டும் முதலில் பாருங்கள்: நிரல் முழுவதும் நீங்கள் எழுதியதுதானா? பிறர் எழுதித் தந்த பகுதிக்கு அவரவரே உரிமையாளர்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. மாற்ற வரலாற்றைப் பார்த்தேன். கழிவுக் கணக்கு என்னுடையது. ஆனால் ரசீது அச்சிடும் பகுதியை, அந்த 'நிகற' உட்பட, என் கல்லூரி நண்பர் எழுதியிருக்கிறார். கடிதத்தில் இருவருமாகவே கையொப்பமிடுகிறோம்.